மரத்தடியில் நின்ற சனிக்கிழமை

ஜெர்மனியில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு ஒரு விஷயத்தை விளக்கத் தேவையில்லை. பத்து வயதிலேயே நாங்கள் எல்லோரும் உத்தியோகம் பார்த்தவர்கள். டொக்டரிடம் அம்மாவின் வயிற்றுவலியைச் சொன்னது நாங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவை நீட்டித் தரச்சொல்லிக் கேட்டது நாங்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எங்களைப் பற்றியே குறை சொல்ல, அதைப் பாதியாக்கி, சீனி போட்டு அப்பாவுக்குச் சொன்னதும் நாங்கள்தான். உங்களில் பலர் இதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் எத்தனையோ கொண்டாட்டங்களில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த உத்தியோகத்தில் நான் பார்த்த ஒரு வேலையை மட்டும் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. தலை நரைத்துவிட்டது, இனி ஒளித்து என்ன.

என்னுடைய உத்தியோகம் மரத்தொழில். ஹம் நகரத்தில் எங்கள் அப்பாவும் இன்னொருவரும் சேர்ந்து மரம் பராமரிக்கும் சின்னத் தொழில் ஒன்று நடத்தினார்கள். கூரையில் முட்டுகிற கொப்பை வெட்டுவது, பட்ட கிளைகளைக் கழிப்பது, பிளக்கப் பார்க்கிற மரத்தை மேலே கயிறு போட்டு இறுக்குவது, இனி ஆகாது என்கிற மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவது. ஒரு பழைய வான் வண்டி, இரண்டு மோட்டார் வாள், கொப்பு அரைக்கிற மெஷின் ஒன்று, கயிறுகள், ஒரு டெலிபோன். டெலிபோனுக்குப் பொறுப்பு நான்.

அந்த இன்னொருவரை மாமா என்று கூப்பிட்டேன். இரத்த உறவில்லை. அகதி முகாமில் அப்பாவோடு ஒரே அறையில் கிடந்தவர். அப்பாவை அண்ணை என்றார், அம்மாவை அக்கா என்றார், ஆகவே எனக்கு மாமா. எனக்குச் சொந்தத்தில் இரண்டு தாய்மாமன்மார் இருந்தார்கள். ஒருவர் ஊரில் காணாமல் போனார். மற்றவர் கொழும்பில் விசாவுக்காக அலைந்துகொண்டிருந்தார். இருவரும் எனக்கு அம்மாவின் அலுமாரியில் இருந்த படங்கள். கையைப் பிடித்துத் தெருவைக் கடந்த மாமா இவர் ஒருவர்தான்.

மாமாதான் மரம் ஏறுகிறவர். அப்பா கீழே நிற்கிறவர். அப்பாவுக்கு உயரம் சரிவராது, எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியிலேயே சுவரோடு ஒட்டித்தான் நிற்பார். கயிறு, இடுப்புப் பட்டி, கொளுக்கி என்று மாமா எல்லாவற்றையும் ஜெர்மனியில்தான் படித்தார், பரீட்சை எழுதி அத்தாட்சிப் பத்திரம் வாங்கினார். ஊரில் தான் ஒரு மரமும் ஏறியதில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவருடைய அப்பா பனை ஏறிக் கள் இறக்கியவர். மகன் ஏறக்கூடாது என்று மரத்தடிக்கே வரவிடாமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவர். "கடைசியிலை பாத்தியே, இஞ்சை வந்து ஏறுறன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் சிரிக்கக் கூடாதது என்ன இருக்கிறது என்று அப்போது தெரியாது.

மரம் வெட்டுகிற காலம் ஒக்டோபரில் தொடங்கி பெப்ரவரியோடு முடியும். மார்ச் பிறந்தால் குருவிகள் கூடு கட்டத் தொடங்கும், பெரிய வெட்டெல்லாம் தடை. ஆகவே எங்கள் வீட்டில் குளிர்காலம்தான் அறுவடைக் காலம். காலை ஏழு மணிக்கு முன்னமே போன் அடிக்கும். ரொட்டித்துண்டை விழுங்கிவிட்டு, கொம்பனியின் பெயரைப் பெரிய மனுசிக் குரலில் சொல்வேன். எந்த மரம், எவ்வளவு உயரம், வீட்டிலிருந்து எத்தனை மீட்டர், வான் உள்ளே வரலாமா. அடிமரம் ஒரு அளவுக்கு மேல் பருத்திருந்தால் நகரசபையின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தையும் நான்தான் எழுதுவேன். பதில் வரும்வரை அந்த மரத்தில் ஒரு சுள்ளியை முறிக்கவும் அப்பாவும் மாமாவும் பயப்படுவார்கள். அகதி விசாவில் இருந்தவர்களுக்கு நகரசபையின் கடிதம் என்றால் சும்மாவா.

வாடிக்கையாளரின் ஜெர்மன் பெயர்கள் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. ஆதலால் வேலை எழுதி வைக்கிற எங்கள் கொப்பியில் எல்லோருக்கும் மரத்தின் பெயர்தான். பேர்ச் மரத்து டொக்டர். இரண்டு லிண்டன் பாதிரியார். வால்நட் கிழவி. அந்தக் கிழவிக்கு நாங்கள் வைத்த பெயர் தெரிந்திருந்தால் கேக் தந்திருக்க மாட்டா. மாமா அவவின் மரத்தை வெட்டாமல், சுமையை மட்டும் குறைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார், அதற்காகக் கொஞ்சக் காலம் ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு கேக் வந்தது.

குளியலறைத் தொட்டிக்கு மேலே எப்போதும் நனைந்த கயிறுகள் தொங்கும். அம்மா கத்துவா. "மனிசர் குளிக்கிறதோ, உங்கடை கயிறு குளிக்கிறதோ?" உடுப்புத் தோய்க்கிற மெஷினின் ரப்பர் மடிப்புக்குள் எப்போதும் மரத்தூள். என் பள்ளிக்கூடப் பையில்கூட பைன் பிசின் மணம். எனக்கு அது பிடிக்கும், வகுப்பில் பக்கத்தில் இருந்தவளுக்குப் பிடிக்காது. பின்னேரத்தில் அப்பா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, கயிற்றை அங்குலம் அங்குலமாக விரலுக்குள் இழுத்துப் பார்ப்பார். எங்கேயாவது நூல் பிரிந்திருந்தால் அந்தக் கயிறு அடுத்தநாள் வேலைக்குப் போகாது. பரீட்சை எழுதியவர் மாமா, ஆனால் கயிறு பார்ப்பதை அப்பா ஒருபோதும் அவரிடம் விடவில்லை. "அவன் தொங்கிற கயிறு, நான் பாக்கவேணும்" என்பார்.

தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. கீழே ஆள் இல்லாமல் மேலே ஏறக்கூடாது. பட்டியில் மயங்கித் தொங்கினால் கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும், கீழே நிற்பவர்தான் இறக்கவேண்டும். அப்பாவுக்கு ஒருநாள் காய்ச்சல் என்றால் அன்றைக்கு மாமாவும் வீட்டில்தான்.

சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார்கள், வீட்டுக்காரரோடு கதைக்க. நான் வேலிக்கு வெளியே ஹெல்மெட்டோடு நிற்பேன். மாமா உச்சியில் கொப்பை அறுத்துவிட்டு "விடுறன்!" என்பார். அப்பா அண்ணாந்து பார்த்து, கீழே எல்லாம் சரி என்றால் "விடு!" என்பார். அதன் பிறகுதான் கொப்பு இறங்கும். விடுறன், விடு, விடுறன், விடு. ஹம்மின் எத்தனையோ தோட்டங்களில் அந்த இரண்டு சொற்களும் நாள் முழுக்கக் கேட்டிருக்கின்றன. ஒரு வீட்டுச் சின்னப் பெடியன் எங்களைக் கண்டவுடனேயே "விடு, விடு" என்று கத்துவான்.

மாமா மரத்திலிருந்து எனக்குப் பொருட்கள் இறக்கித் தருவார். ஆளில்லாத குருவிக்கூடு, பட்டம், இறகுப் பந்து, பாதி உருகிய பிளாஸ்ரிக் குதிரை, ஒருமுறை சின்னக் குழந்தையின் இடதுகால் சப்பாத்து. அது எப்படி மரத்துக்குப் போனது என்று ஒரு கிழமை ஆராய்ச்சி நடத்தினோம். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தேன். பிறகு வீடு மாறியபோது அந்தத் தகரம் எங்கேயோ தவறிவிட்டது.

அந்த ஒக்டோபரில் நான் பெரியபிள்ளையானேன். பன்னிரண்டு வயது. வெட்கத்தில் மூன்று நாள் போன் எடுக்கவில்லை, தொழில் படுத்தேவிட்டது. சடங்கைப் பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை வைப்பதென்று முடிவானது. உங்களுக்குத் தெரியும், எங்கள் சாமத்தியவீட்டில் தாய்மாமன் தேங்காய் உடைத்து, தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணி வார்க்கவேண்டும். யார் அந்த மாமன் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அம்மா சோறு போட்டுக்கொண்டே "தம்பி, நீங்கள்தான் பிள்ளைக்குத் தண்ணி வாக்கவேணும்" என்றா. மாமா வாயில் சோற்றோடு தலையை ஆட்டினார். பிறகு எழும்பிப் போய்க் கைகழுவுகிற இடத்தில் நெடுநேரம் நின்றார். தண்ணிக்குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் செய்த அட்டகாசம்! தேங்காயை ஒரே அடியில் பிளக்கவேண்டும் என்று எங்கள் குசினியில் பயிற்சி எடுத்தார். முதல் தேங்காய் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தை நெளித்தது. இரண்டாவது அலுமாரிக்குக் கீழே உருண்டு போனது. "இருபது மீட்டர் மரத்தை ஒரு பூக்கண்டிலும் படாமல் இறக்கிறவர், ஒரு தேங்காய்க்கு வழியில்லை" என்று அம்மா சிரித்தா. வேட்டி நழுவினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஏன், ஏறுற பட்டியைப் போட்டு இறுக்கிறன்" என்றார். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்தது.

சடங்குக்கு ஒரு கிழமை இருக்கையில் டோட்மண்டிலிருந்து ஒரு பெரியம்மா வந்தா. அம்மாவுக்குத் தூரத்து அக்கா முறை. சடங்கை முன்னின்று நடத்தித் தர இங்கே வேறு ஆள் இல்லை. மாமா சாப்பிட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வாடகை அறைக்குப் போனபிறகு பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.

"அந்தப் பெடியன் எவடம்?"

அப்பா ஊரைச் சொன்னார்.

"அங்கை ஆரின்ரை ஆக்கள்?"

அப்பா கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களோடை ஏழு வருசமா இருக்கிறான் அக்கா."

"இருக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது? வீட்டுக்குள்ளை நீங்கள் ஒரு கோப்பையிலை சாப்பிட்டாலும் ஆர் கேக்கப் போகினம்? ஆனா வீடியோ போகுதெல்லே. லண்டனுக்குப் போகுது, கனடாவுக்குப் போகுது, ஊருக்குப் போகுது. மாமன் ஸ்தானத்திலை நிக்கிறவன் ஆரெண்டு கேட்டா என்ன சொல்லுவியள்? நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமோ?"

"அவர் எனக்குத் தம்பி மாதிரி அக்கா" என்றா அம்மா.

"மாதிரிதானே" என்றா பெரியம்மா.

நான் மேசையின் மற்றப் பக்கத்தில் வேலைக் கொப்பியை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை என்று இங்கே எழுதலாம். எழுதினால் அது பொய். விளங்கியது. ஆக்கள் என்ற சொல் எந்த நேரத்தில் எந்தக் குரலில் வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். விளங்கியும் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாட்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அம்மா அழுதா. அழுதாவே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை. "அவரிட்டை நேரை சொல்ல எனக்கு வாய் வராது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னா. அப்பாவுக்கும் வாய் வராது. வாய் என்று வீட்டில் வேறு யார் இருந்தது? வியாழக்கிழமை பின்னேரம் அப்பா என்னை டெலிபோனுக்குக் கூப்பிட்டார்.

"நீ எடுத்துச் சொல்லு பிள்ளை. வேலை விசயம் நீதானே சொல்லுறனி. நீ சொன்னா அவன் வேறை ஒண்டும் கேக்கமாட்டான். ஒருநாள்தானே. பிறகு நான் ஆறுதலாச் சொல்லி விளங்கப்படுத்துவன்."

என்ன சொல்லவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் நம்பரை அழுத்தினேன்.

"மாமா, சடங்கு தள்ளிப் போட்டாச்சு. மண்டபம் கிடைக்கேல்லையாம்."

"ஓ."

"சனிக்கிழமை வேலை இருக்கு. ஆத்தங்கரைப் பக்கம், அந்தப் பெரிய பீச் மரம். நீங்கள் எட்டு மணிக்கு அங்கை நிக்கட்டாம். அப்பா வான் கொண்டு வருவாராம்."

பிறகு கேட்டார். "கொப்பர் பக்கத்திலை நிக்கிறாரோ?"

அப்பா ஒரு முழத் தூரத்தில் நின்றார். "இல்லை மாமா" என்றேன். அது துண்டில் எழுதாத பொய், என் சொந்தப் பொய்.

"சரி பிள்ளை. எட்டு மணிக்கு நிப்பன்."

அவ்வளவுதான். நான் போனை வைத்தேன். அப்பா என் தலையைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருந்ததற்கு இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

சடங்கு சிறப்பாக நடந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு லிண்டன் பாதிரியார் தன் ஆலயத்தின் மண்டபத்தைத் தந்தார். மணவறைக்கு மெத்தைக் கதிரை, பிளாஸ்ரிக் வாழைமரம், இருநூறு பேருக்கு இடியப்பமும் புட்டும். தண்ணி வார்த்தவர் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த ஒருவர், பெரியம்மாவின் கணவருக்குத் தம்பி முறை. அன்றைக்கு முன்னும் அவரை நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது. தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். தண்ணியைச் சூடாக்க யாரும் நினைக்கவில்லை, பெப்ரவரித் தண்ணி தலையில் விழுந்தபோது மூச்சு நின்றது. வீடியோவில் அந்த இடத்தில் நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். "பிள்ளை, இங்காலை பாருங்கோ" என்று படம் பிடிப்பவர் சொல்வது கேட்கும். அந்தப் பிரதி எத்தனையோ நாடுகளுக்குப் போனது. அதைப் பார்த்துக் கலியாணம் பேசி வந்தவர் ஒருவருமில்லை. நான் கட்டியது என்னோடு படித்த ஒரு ஜெர்மன்காரரை.

அப்பா கோட் போட்டுக்கொண்டு மண்டபத்து யன்னலடியில் நின்றார். பத்து மணியளவில் வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டத் தொடங்கியது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா பக்கத்தில் போனா. "அவன் இவ்வளவுக்கு வீட்டை போயிருப்பான்" என்றார் அப்பா. பகல் சாப்பாட்டு நேரத்திலும் அதையே சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார் போல, ஏனென்றால் ஒருவர் யார் அது என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை மாமா வழமைபோல ஏழு மணிக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். மண்டபத்துப் பூமாலைகள் இன்னும் எங்கள் பல்கனியில் வாளிக்குள் கிடந்தன. என் காலில் மருதாணி. அதையெல்லாம் அவர் பார்த்தார்.

"சனிக்கிழமை வான் பழுதாப் போச்சு தம்பி" என்றார் அப்பா.

"ஓம் அண்ணை" என்றார் மாமா.

கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

பின்னேரம் போன் அடித்தது. பீச் மரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண். முறைப்பாடு இல்லை என்று முதலே சொன்னா. சனிக்கிழமை உங்கள் ஆள் ஒருவர் காலை எட்டு மணிக்கு வந்தார், கயிற்றுப் பையை மரத்தடியில் வைத்துவிட்டு நின்றார், மழை கொட்டியது, நான் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன், நன்றி, வேண்டாம் என்றார், உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை, இருட்டும்வரை நின்றுவிட்டுப் போனார், அவருக்குச் சுகம்தானே என்று கேட்டா. சுகம் என்றேன்.

அப்பா வந்ததும் இதைச் சொன்னேன். வாசலில் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் எண்டவ?"

"இருட்டுமட்டும், அப்பா."

"வேறை என்ன சொன்னவ?"

"கோப்பி குடுத்தவவாம். வேண்டாம் எண்டவராம்."

அப்பா அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினார். கட்டிவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் வாசலிலேயே இருந்தார். ஆறுதலாகச் சொல்லி விளங்கப்படுத்துவேன் என்றாரே, அந்த ஆறுதல் அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பொப்லர் மரம். மாமா ஏறினார். முதல் கொப்பை அறுத்ததும் மேலிருந்து "ஆஹ்டுங்!" என்று ஜெர்மனில் கத்தினார், ஜெர்மன் வேலைக்காரர்கள் "கவனம்" என்பதற்குக் கத்துவதுபோல. அப்பா அண்ணாந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் "விடு" என்றார். கொப்பு இறங்கியது. அன்று முழுக்க அப்படித்தான். மேலிருந்து ஆஹ்டுங், கீழிருந்து விடு. நான் வேலிக்கு வெளியே ஹெல்மெட்டுக்குள் அழுதேன். வீட்டுக்கார அம்மா மரத்தூள் கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று கைலேஞ்சி தந்தா.

அவர் எங்கள் வீட்டில் சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். வயிறு சரியில்லை அக்கா என்பார். மரத்திலிருந்து எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒப்புக்கொண்ட மரங்கள் எல்லாம் முடியும்வரை நின்றார். பெப்ரவரி கடைசி நாள் பின்னேரம் தன்னுடைய இடுப்புப் பட்டியை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஹனோவரில் ஒரு ஜெர்மன் கொம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். அம்மா ஓடிப்போய் ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தா. மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். எங்கள் ஆட்கள் வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்றுதானே சொல்வோம். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் அப்படித்தான். அவர் "போறன் அக்கா" என்றார். அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டா.

அதன் பிறகு அப்பா ஜெர்மன்காரர் ஒருவரை ஏறுவதற்கு எடுத்தார். தொழில் இன்னும் ஆறேழு குளிர்காலம் ஓடியது. கயிறு பார்ப்பதை அப்பா விட்டுவிட்டார், அந்தப் பெடியன் தானே பார்த்துக்கொள்வான். பிறகு அப்பாவின் முதுகு சரியில்லாமல் போக, வானையும் மெஷினையும் விற்றுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். மாமாவின் பெயரை வீட்டில் எடுப்பதில்லை. எடுக்காத பெயர் ஒரு வீட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அந்த வருடங்களில் தெரிந்துகொண்டேன்.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. செத்தவீட்டில் ஆட்கள் குறையக் குறைய, அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டார். "அவனுக்கு ஆரும் அறிவிச்சதோ?" எவனுக்கு என்று நான் கேட்கவில்லை. இந்த வருடம் அப்பாவின் இருதயம் பலவீனமாகிவிட்டது, படி இறங்க ஏலாது, ஒரு ஒட்சிசன் குழாய் மூக்கில். போன மாதம் ஒருநாள் சொன்னார். "நான் போகவேணும், ஏலாமல் கிடக்கு. நீ போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை. ஒருக்காக் கண்டாக் காணும்."

விலாசம் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு காலை ஹனோவருக்குக் காரில் போனேன். கதவைத் திறந்தவரின் தலைமுடி முழுக்க வெள்ளை, முழங்காலைச் சாய்த்து நடந்தார். "பிள்ளையே!" என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணி வைத்தா, மகள் படிக்கிற பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னா. மாமா இப்போது ஏறுவதில்லையாம், மரங்களைச் சோதித்து எது நிற்கலாம் எது ஆபத்து என்று எழுதிக் கொடுக்கிற வேலை. மனைவி குசினிக்குப் போனதும் நான் சொல்லிவிட்டேன். காரில் வந்த வழியெல்லாம் வேறு விதமாகப் பாடமாக்கியிருந்தேன், வாயில் வந்தது இதுதான்.

"மாமா, அண்டைக்கு நான் போனிலை பொய் சொன்னனான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ சொல்லேக்கையே தெரியும். அந்தப் பீச் மரத்துக்கு நகரசபைக் கடிதம் வரேல்லை. வந்துதோ, வந்துதோ எண்டு உன்னட்டைத்தானே நாளும் கேட்டனான். கடிதம் வராத மரத்திலை ஆர் கைவைக்கிறது?"

உண்மைதான். அந்த விண்ணப்பத்தை எழுதியதே நான். அப்பாவும் மறந்தார், நானும் மறந்தேன். பொய் சொல்ல ஒரு மரம் தேடியவர்களுக்கு, அது வெட்டக்கூடிய மரமா என்று பார்க்கத் தோன்றவில்லை.

"தெரிஞ்சுகொண்டே போனனீங்களோ?"

"போகாட்டி, நீ ஒழுங்காச் சொல்லேல்லை எண்டு உன்னைத்தானே ஏசுவினம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அதுக்கு இருட்டுமட்டும் ஏன் மாமா நிண்டனீங்கள்? அந்த மழைக்குள்ளை?"

அவர் முழங்காலைத் தடவினார். "இடையிலை வெளிக்கிட்டா கால் சடங்கு மண்டபத்துக்குத்தான் போயிருக்கும் பிள்ளை. அதாலை நிண்டனான்."

குசினியில் கரண்டிச் சத்தம் கேட்டது. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இருதயத்தை, குழாயை, ஒருக்காக் கண்டால் போதும் என்றதை. கார் கீழே நிற்கிறது, இரண்டு மணித்தியாலம்தான், பின்னேரமே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். அவர் எழும்பிப் போய் யன்னலால் கீழே நின்ற காரைப் பார்த்தார். வருவார் என்றே நினைத்தேன்.

"கொப்பர் நல்ல மனிசன்" என்றார். "ஏழு வருசம் அந்த மனிசன்ரை கையை நம்பித்தான் மேலை நிண்டனான். ஒருநாளும் நழுவ விடேல்லை." பிறகு தலையை ஆட்டினார். "நான் வரேல்லை பிள்ளை. கோவமில்லை. எனக்கு ஏலாது."

கதவடியில் என் தலையில் கையை வைத்தார். அவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்தது அங்கே உடைந்துவிட்டது. மோட்டர்வேயில் ஒரு இடத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு, ஐம்பதை எட்டிப் பிடிக்கிற மனுசி, பிள்ளை மாதிரி அழுதேன்.

வீட்டுக்கு வர நாலு மணி. படியேறும்போதே அப்பாவின் கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. பராமரிக்க வருகிற பெண்ணைக் கொண்டு முகம் வழிப்பித்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, கதிரையைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு கோப்பை. நான் உள்ளே வந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் படியைப் பார்த்தார்.

"தன்ரை கார் விட இடம் தேடுறானோ?"

எங்கள் தெருவில் கார் விட இடம் கிடைப்பது கஷ்டம்தான். ஓம் என்று சொல்ல ஒரு கணம் வாய் உன்னியது. வாய்க்கு அது பழக்கம்.

"இல்லை அப்பா. அவர் வரேல்லை."

கேட்காதவர்போல இருந்தார். நான் பக்கத்தில் போய்த் திரும்பச் சொன்னேன். ஏலாது என்று சொன்னதையும் சொன்னேன். கடிதம் வராத மரத்தையும், எல்லாம் தெரிந்தே போய் நின்றதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டார். குழாய்க்குள் அவர் மூச்சு மேலும் கீழும் இழுத்தது. கதிரையை உள்ளே தள்ளட்டுமா என்று கேட்டுக் கதவில் கை வைத்தேன்.

"சாத்தாதை பிள்ளை" என்றார். "நான் இருக்கிறன். இன்னும் இருட்டேல்லை."